மன்றக் கூட்ட நேரலைக் கருவிகளைப் புதுப்பித்தல்: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உள்ளாட்சி மன்றத்தின் கூட்டங்களை மக்களுக்கு ஒளிபரப்பும் கருவிகளை மாற்றும் வேலை, பெரும்பாலும் ஒலி, ஒளித் தொழில்நுட்பத்தில் பழக்கமில்லாத ஓர் அலுவலரிடமே வந்து சேர்கிறது. கோப்பு நடத்தத் தெரிந்தவர், கணினி கொஞ்சம் அறிந்தவர், கூட்டங்களுக்கு எப்படியும் வந்து இருப்பவர் என்று ஏதோ ஒரு காரணத்தால் அது உங்கள் மேசைக்கு வந்திருக்கலாம். நானும் அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். விற்பனையாளர்கள் பேசுவது ஒரு மொழி, கணக்குப் பிரிவு கேட்பது இன்னொரு மொழி, வீட்டிலிருந்து கூட்டம் பார்க்கும் மக்கள் புகார் சொல்வது வேறொரு மொழி. இந்த மூன்றையும் சேர்த்து வைத்து, எதற்குப் பின் எது என்று சொல்லும் குறிப்பு அப்போது எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிடித்து நின்ற கொள்கை ஒன்றுதான்: அரங்கில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் வீட்டிலிருந்து கேட்பவருக்குப் புரிய வேண்டும், அதற்குத் தேவையானது எதுவோ அது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் கூட்டத்தைப் பின்தொடர முடியும். சொல் கேட்காவிட்டால் முடியாது. விலைகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் தொகைகளை நான் தரவில்லை. எந்தெந்தத் தலைப்பில் செலவு வரும், எது கணக்கில் விடுபட்டுப் போகும் என்பதைச் சொல்கிறேன்.

1. கடைக்குப் போகுமுன் பழைய பதிவுகளைக் கேளுங்கள்

எந்த விற்பனையாளரையும் அழைப்பதற்கு முன், அண்மையில் நடந்த சில கூட்டங்களின் பதிவுகளை முழுமையாகக் கேளுங்கள். ஒருமுறை நல்ல ஹெட்ஃபோனிலும், இன்னொருமுறை சாதாரணக் கைப்பேசியின் ஸ்பீக்கரிலும் கேட்பது நல்லது; மக்களில் பலர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். கேட்கும்போது ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: பதிவின் நேரம், பேசுபவரின் இருக்கை, கேட்காமல் போனது என்ன, காரணம் என்னவாக இருக்கலாம். உறுப்பினர் காகிதத்தைப் புரட்டும்போது மைக்கில் உரசும் சத்தம், பொதுமக்கள் பேசும் இடத்தில் குள்ளமானவர் நின்றால் குரல் எட்டாமல் போவது, தலைவர் பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது நேரலையில் போய்விடுவது என்று எல்லாம் அதில் வரட்டும்.

அடுத்து, இருக்கும் கருவிகளின் பட்டியலை எடுங்கள். கருவியின் பெயர், மாதிரி எண், வாங்கிய ஆண்டு, எந்த வகைக் கம்பியில் இணைந்திருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பவை போதும். கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் பல மன்றங்களில் உண்மை வெளிவரும்: பழைய ஒப்பந்ததாரரோடு கடவுச்சொல்லும் போயிருக்கும். இந்த இரண்டு ஆவணங்களும் பின்னால் மதிப்பீட்டுக்கும், பொருத்திய கருவிகளை ஏற்குமுன் நடத்தும் ஏற்புச் சோதனைக்கும் அடிப்படையாக நிற்கும். ஆகவே தேதியிட்டு, கையொப்பமிட்டுக் கோப்பில் சேருங்கள்.

2. கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்

இது கருவிகளின் பட்டியல் அன்று, கூட்டத்தின் விவரிப்பு. எத்தனை உறுப்பினர்கள் அமர்கிறார்கள், அலுவலர்கள் எங்கிருந்து பதில் சொல்கிறார்கள், பொதுமக்கள் எங்கே நின்று பேசுகிறார்கள், தொலைவிலிருந்து யாராவது இணைகிறார்களா, வரைபடங்களும் கணக்குத் தாள்களும் திரையில் காட்டப்படுகின்றனவா, வாக்கெடுப்பு கை உயர்த்தியா அல்லது பெயர் சொல்லி அழைத்தா, கூட்டம் எத்தனை மணி நேரம் நீளும் என்று எழுதுங்கள். நேரலை எங்கெங்கே போக வேண்டும் என்பதும் இதில் வர வேண்டும்: இணையம் மட்டுமா, கேபிள் அலைவரிசையும் உண்டா, கட்டடத்தின் வேறு அறையில் கூடுதல் திரை வேண்டுமா.

மூடிய அமர்வு உங்கள் மன்றத்தில் உண்டென்றால் அதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். பணியாளர் விவகாரமோ வழக்கு விவகாரமோ பேசும் நேரத்தில், ஒலியும் படமும் வெளியே போகவில்லை என்பதை அங்கே அமர்ந்திருப்பவர்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளக்கூடிய விளக்கு இருக்க வேண்டும். கணினித் திரையில் ஒரு மூலையில் தெரியும் சிறு குறி இதற்குப் போதாது. ஒரே பொத்தானில் எல்லா மைக்கும் ஒளிபரப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, அறையில் நிறம் மாறும் விளக்கு எரிவதுதான் நம்பத்தக்க ஏற்பாடு.

எழுதிய இரண்டு பக்கத்தைத் தலைவருக்கும், மன்றச் செயலருக்கும், கணினிப் பிரிவுக்கும் அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பின்னர் யாராவது புதிய ஆசையோடு வரும்போது, அது கூடுதல் வேலை என்று காட்ட இந்த ஒப்புதல்தான் உதவும்.

3. அறையைச் சரிபாருங்கள்

விலை உயர்ந்த கருவியாலும் மோசமான அறையை வெல்ல முடியாது. அரங்கின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் இழுபட்டு அடங்கினால், சுவரில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் தரையில் விரிப்பும் முதல் செலவாக வர வேண்டும். குளிர்சாதனக் கருவியும் மின்விசிறியும் ஓடும்போது ஒரு பதிவு, நிறுத்தியபின் ஒரு பதிவு எடுத்து ஒப்பிடுங்கள்.

உறுப்பினர்களின் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் கறுத்துத்தான் தெரியும். தடித்த திரைச்சீலை போதும், புதிய கேமரா வேண்டியதில்லை. கூரையிலிருந்து நேர்க்கீழாக விழும் வெளிச்சம் கண்களுக்கடியில் நிழல் போடும். வெளிச்சம் முன்புறமிருந்து சாய்வாக முகத்தில் விழ வேண்டும், எல்லா விளக்குகளும் ஒரே நிறத் தன்மையுடையவையாக இருக்க வேண்டும். இவை கட்டடப் பிரிவின் வேலை என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே கடிதம் போய்ச் சேரட்டும்.

4. பணத்தில் முதல் பங்கை ஒலிக்குக் கொடுங்கள்

எல்லா விற்பனையாளர்களும் கேமராவிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்கள், ஏனென்றால் செயல்விளக்கத்தில் படம்தான் கண்ணைக் கவரும். நீங்கள் பேச்சை மைக்குக்குத் திருப்புங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், திறந்தவெளிக் கணக்கின்படி நேரடிக் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியும் விசிறிச் சத்தமும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் கூரையில் பொருத்தும் மைக்குகளைவிட, வளையும் கழுத்துடைய மேசை மைக்குகள் மன்ற அரங்குக்குப் பொருந்துகின்றன. மேசையில் எதுவும் தெரியக்கூடாது என்பதற்காகக் கூரை மைக் கேட்பவர்கள் இருப்பார்கள். அழகுக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடுத்தடுத்த மைக்குகளுக்கு இடையிலான தூரம், ஒரு மைக்குக்கும் அதில் பேசுபவரின் வாய்க்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது ஒலித் தொழிலில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. இருக்கைகளை நெருக்கிப் போட்டிருந்தால் இதை அளந்து பாருங்கள்.

ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கர் கூவாமல் ஒலியைக் கூட்டுவதற்கான இடைவெளி 3 டெசிபெல் குறைகிறது. பேசுபவரின் மைக்கை மட்டும் உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்தும் தானியங்கி மிக்ஸர் தேவைப்படுவது இதற்காகத்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குரல் வந்தபின் மைக்கைத் திறந்து, நின்றபின் மூடுவது. மற்றொன்று, எல்லா மைக்குகளுக்கும் ஒலியைப் பங்கிட்டு, பேசுபவருக்குப் பெரும் பங்கைத் தருவது. முதல் வகையைச் சரியாக அமைக்காவிட்டால் பேச்சின் முதல் அசையை விழுங்கிவிடும். நீண்ட உரையில் அது பெரிதாகத் தெரியாது. பெயர் சொல்லி வாக்கெடுக்கும்போது உறுப்பினர் சொல்வதோ ஒரே ஒரு சொல். ‘ஆம்’ என்பதில் பாதி போய் ‘ம்’ மட்டும் பதிவானால், அந்த வாக்கு எது என்று பதிவைக் கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே பங்கிடும் வகையையே கேளுங்கள். எது வந்தாலும் வாக்கெடுப்பை நடத்திப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து இணைபவர்கள் இருந்தால் இரண்டு வசதிகள் கட்டாயம். அவர்களுக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவர்களுடைய குரல் மட்டும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தம் குரலே தாமதமாகக் காதில் விழுந்து பேச முடியாமல் தவிப்பார்கள். அரங்கின் ஸ்பீக்கரில் ஒலிக்கும் அவர்களின் குரல் மைக் வழியே மீண்டும் போகாமல் தடுக்கும் எதிரொலி நீக்கமும் வேண்டும். இரண்டும், எல்லா மைக்குகளின் ஒலியையும் வாங்கிச் சீராக்கும் ஒலிச் செயலி என்ற கருவியில் நடக்கிற வேலைகள். விலைப்பட்டியலில் ‘ஒலிச் செயலி’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், எத்தனை மைக்குகளுக்கு எதிரொலி நீக்கம் உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். எட்டுக்கு மட்டும் இருந்து, உங்களிடம் பதினாறு மைக் இருந்தால், மீதிக்கு என்ன ஏற்பாடு என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

பொதுமக்கள் பேசும் மேடையில் உயரத்துக்கேற்ப மாற்றக்கூடிய மைக் வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்காக எடுத்துக் கொடுக்கக்கூடிய கம்பியில்லா மைக் ஒன்றும் வேண்டும். அது வேலை செய்யும் அலைவரிசைக்கு உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்பதை விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். செவித்துணைக் கருவி அணிந்தவர்களுக்கு அரங்கின் ஒலியைக் காந்தப்புலம் வழியே நேரே அந்தக் கருவிக்கு அனுப்பும் தூண்டு வளையம் அமைக்க, தரை விரிப்பைப் போடுவதற்கு முன்பே திட்டமிட வேண்டும். அதன் காந்தப்புல அளவுக்கு பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60118-4 என்ற தரநிலை இருக்கிறது. அந்த எண்ணை விவரக்குறிப்பில் எழுதினால் போதும், வாதத்துக்கு இடமிருக்காது.

5. கேமராவும் கம்பியும்

தொலைவிலிருந்து திருப்பவும் நெருக்கவும் முடிகிற பி.டி.இசட். கேமராக்கள்தான் இன்று வழக்கம். மூன்று போதும்: உறுப்பினர் வரிசைக்கு ஒன்று, பேச வரும் பொதுமக்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒன்று, முழு அரங்குக்கு ஒன்று. கேமராவிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இருக்கை வரை நாடா பிடித்து அளந்து, அந்தத் தூரத்தில் ஒருவரின் தலையும் தோளும் திரையை நிரப்ப எத்தனை மடங்கு நெருக்கம் வேண்டும் என்று கேளுங்கள். லென்ஸால் வரும் நெருக்கம் மட்டுமே கணக்கு. கணினியால் பெரிதாக்குவது படத்தைச் சிதைக்கும். உயரம் கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். கூரையருகில் மாட்டினால் தலைகள்தான் தெரியும்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்றும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120 என்றும் வைத்தால் பெரும்பாலான விளக்குகளின் மினுக்கம் படத்தில் தெரியாது.

கம்பி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். எச்.டி.எம்.ஐ. கம்பி 10 மீட்டரைத் தாண்டினாலே நம்பகம் குறையத் தொடங்கும், அதன் முனையைப் பூட்டவும் முடியாது. ஒளிபரப்புத் துறையில் படத்தை அனுப்பப் பயன்படும் எஸ்.டி.ஐ. கம்பி நீண்ட தூரத்துக்கு ஏற்றது, முனை பூட்டிக்கொள்ளும். வலையமைப்புக் கம்பி வழியே படத்தையும் மின்சாரத்தையும் ஒருங்கே அனுப்பும் கேமராக்களுக்குச் செப்புக் கம்பியில் வரம்பு 100 மீட்டர். அதோடு, இந்தக் கம்பிகள் வந்து சேரும் வலையமைப்பு சுவிட்ச் ஒவ்வொரு முனையிலும் தரும் மின்திறனையும் பாருங்கள்: பழைய தரத்தில் 15.4 வாட், அடுத்ததில் 30 வாட். இயங்கும்போது கேமராவுக்கு 20 வாட் தேவைப்பட்டால் பழைய சுவிட்சில் அது தாறுமாறாக அணைந்து எரியும். கேமரா பழுது என்று எண்ணி வாரக்கணக்கில் அலைய நேரிடும். சுவருக்குள் குழாய் போடும்போது தேவைக்கு இரண்டு மடங்கு அகலமாகப் போட்டு, உள்ளே ஓர் இழு கயிற்றையும் விட்டுவையுங்கள்.

மடிக்கணினியிலிருந்து காட்டும் விளக்கப்படத்தில் ஒரு பொறி உண்டு. சில மடிக்கணினிகளும் ஒளிபரப்புப் பெட்டிகளும் நகல் காப்புக் குறியோடு படத்தை அனுப்பும். அரங்குத் திரையில் நன்றாகத் தெரியும் அதே படம் பதிவிலும் நேரலையிலும் கறுப்பாக வரும். வெளியார் கொண்டுவரும் கணினிகளை நம்பாமல், மன்றத்துக்கென ஒரு கணினியை மேடையில் நிலையாக வைத்து, கோப்புகளை முன்கூட்டியே வாங்கி அதில் ஏற்றிவிடுவது நிம்மதி.

6. வெளியே அனுப்புவதும் பதிவு செய்வதும்

நேரலைக்குக் கணினியும் மென்பொருளும் போதும் என்பார்கள். ஊழியர் ஒருவரே எல்லாவற்றையும் கவனிக்கும் மன்றத்தில், படத்தையும் ஒலியையும் இணையத்துக்கு ஏற்றவாறு சுருக்கி அனுப்பும் தனியான என்கோடர் பெட்டியே உகந்தது; கூட்டத்தின் நடுவே கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும் ஆபத்து அதில் இல்லை. 1080 வரி, நொடிக்கு 30 படம் என்ற தரத்துக்கு நொடிக்கு 4 முதல் 6 மெகாபிட் போதுமானது. இணைய இணைப்பின் ஏற்ற வேகம் இதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும், அதுவும் அலுவலகம் முழுவதும் வேலை செய்யும் நேரத்தில். இணைப்பு அவ்வப்போது தடுமாறும் இடமானால், தொலைந்த துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கும் எஸ்.ஆர்.டி. நெறிமுறை என்கோடரில் இருக்கிறதா, நீங்கள் அனுப்பும் தளம் அதை ஏற்கிறதா என்று பாருங்கள்.

பதிவு, இணையத்தை நம்பி இருக்கக்கூடாது. நேரலை அறுந்தாலும் பதிவு நிற்காதவாறு உள்ளூர்ப் பதிவுக் கருவி தனியே ஓட வேண்டும். நொடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.25 ஜிகாபைட் ஆகும்; உங்கள் கூட்ட நேரத்தால் பெருக்கி, பதிவுகளை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்ற உங்கள் விதியோடு சேர்த்துச் சேமிப்பிடத்தைக் கணக்கிடுங்கள். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்துரை, பிறகு பார்த்துக்கொள்ளும் அலங்காரம் அன்று. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யு.சி.ஏ.ஜி. நெறிகள் முன்பதிவு செய்த காணொளிக்கு முதல் நிலையிலும், நேரலைக்கு இரண்டாம் நிலையிலும் எழுத்துரையைக் கேட்கின்றன. தானாக எழுத்துரை தரும் சேவைகள் ஊர்ப் பெயர், உறுப்பினர் பெயர், தெருப் பெயர் ஆகியவற்றில்தான் மிகுதியாகத் தடுமாறும். சொற்பட்டியல் ஏற்ற வசதி உள்ள சேவையாகத் தேர்ந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் நிகழ்ச்சி நிரலிலுள்ள பெயர்களை ஏற்றுங்கள். மைக் தெளிவாக இருந்தால் எழுத்துரையும் தெளிவாக வரும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் நேரலையில் பாட்டுப் போடுவதைத் தவிருங்கள். காப்புரிமைத் தானியங்கிச் சோதனை அந்தப் பதிவையே முடக்கவோ ஒலியை நீக்கவோ செய்யலாம்.

7. செலவை எப்படிக் கட்டுவது

கருவி விலை மட்டும் மதிப்பீடு ஆகாது. கம்பி, குழாய், மேசைகளில் துளையிடுதல், பொருத்துகூலி, செயலியை அமைத்து நிரலெழுதும் கூலி, பயிற்சி, வரி ஆகியவை ஒருமுறைச் செலவில் வரும். இணைய இணைப்பு, எழுத்துரைச் சேவை, சேமிப்பிடம், மென்பொருள் உரிமம், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவை ஆண்டுதோறும் வரும். இவை இரண்டும் வெவ்வேறு நிதித் தலைப்புகளிலிருந்து எடுக்கப்படுவதால், தனித்தனி அட்டவணையாகவே கோப்பில் வையுங்கள். முதலீட்டுத் தொகைக்கு மட்டும் ஒப்புதல் வாங்கி, அடுத்த ஆண்டு எழுத்துரைக்குப் பணமில்லாமல் நிற்பது மிகவும் பரவலாக நடக்கிறது.

சுவரைத் திறந்தபின் தெரியவரும் வேலைகளுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். உதிரிக்கும் ஒதுக்குங்கள்: ஒரு மேசை மைக், ஒரு கம்பியில்லா மைக், சில கம்பிகள், ஒரு மின்வழங்கி. தொகை போதாவிட்டால் கேமராவின் தரத்தைக் குறையுங்கள் அல்லது ஒன்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். கேமராவை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். மைக்கையும், சுவருக்குள் போகும் கம்பியையும் குறைக்காதீர்கள்.

8. ஒப்பந்தப்புள்ளி ஆவணம்

என் அனுபவத்தில், அரங்கில் கருவி எப்படி இயங்கும் என்பதை இந்த ஆவணமே தீர்மானிக்கிறது. மாதிரி எண்களை மட்டும் வரிசையாக எழுதி ‘அல்லது இதற்கு இணையானது’ என்று முடித்தால், இணையானது எது என்ற சண்டை பின்னால் வரும். பயனை எழுதுங்கள். ‘எல்லா உறுப்பினர் மைக்கும் மேசையிலிருந்தபடி இருக்கும்போது, இயல்பான குரலில் பேசும் எந்த உறுப்பினரின் சொல்லும் பதிவில் தெளிவாகக் கேட்க வேண்டும், ஸ்பீக்கர் கூவக்கூடாது, அடுத்தடுத்துப் பேசுபவர்களின் ஒலியளவு கேட்பவர் கைவைத்துக் கூட்டிக் குறைக்கத் தேவையில்லாதபடி சமமாக இருக்க வேண்டும்’ என்பதுபோல. அதன்கீழ் அளக்கக்கூடிய எண்களைச் சேருங்கள். அரங்கின் பேச்சுத் தெளிவை ஐ.இ.சி. 60268-16 முறையில் அளந்து காட்டச் சொல்லலாம்; 0 முதல் 1 வரையிலான அந்த அளவில் 0.60-க்கு மேல் நல்லது என்று கொள்ளப்படுகிறது. ஒலி, படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி. 1359 பரிந்துரையில் உள்ளது. அந்த எல்லையையே நிபந்தனையாக வையுங்கள்.

ஆவணத்தில் அவசியம் இடம்பெற வேண்டிய வேறு சில வரிகள் உள்ளன. விலை தருபவர் அரங்கை நேரில் பார்த்ததற்கான சான்று இணைக்கப்பட வேண்டும். பாராமல் விலை போட்டவர்தான் பாதியில் கூடுதல் தொகை கேட்பார். கடவுச்சொற்கள், செயலியின் அமைப்புக் கோப்பு, தொடுதிரையை இயக்கும் நிரலின் மூலக் கோப்பு ஆகியவை மன்றத்தின் உடைமை என்றும், இறுதித் தொகைக்கு முன் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள். மூலக் கோப்பு இல்லாவிட்டால் ஒரு பொத்தானின் பெயரை மாற்றவும் அதே நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டியிருக்கும், அவர்கள் சொல்வதுதான் கூலி. உத்தரவாதக் காலம் கருவி வந்திறங்கிய நாளிலிருந்து அன்று, ஏற்புச் சோதனை முடிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், கூட்ட நாளில் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதைத் தனித்தனியே குறியுங்கள்.

பணம் தரும் கட்டங்களையும் இங்கேயே கட்டிவிடுங்கள். பொருள் வந்ததும் ஒரு பங்கு, பொருத்தி முடிந்ததும் ஒரு பங்கு, சோதனையில் தேறியதும் ஒரு பங்கு, நேரலையில் சில உண்மையான கூட்டங்கள் குறையின்றி நடந்தபின் மீதி. அந்தக் கடைசிப் பங்கு, அவர்கள் திரும்பி வந்து வேலையை முடிக்கும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். விலைகளை ஒப்பிடும்போது மிகக் குறைந்த தொகையில் எது விடுபட்டிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் நிரலெழுதும் கூலியும் பயிற்சியும்தான் விடுபட்டிருக்கும்.

9. காலக்கணக்கு

பொருத்தும் வேலை சில வாரங்களில் முடியலாம். அதற்கு முன்னுள்ள மன்றத் தீர்மானம், நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, பரிசீலனை, பணி ஆணை ஆகியவை மாதக்கணக்கில் நீளும். எனவே நிதிநிலை அறிக்கை தயாராகும் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அதற்குள் முதல் இரண்டு படிகளும் தோராய மதிப்பீடும் முடிந்திருக்க வேண்டும். ஒலிச் செயலியும் கேமராவும் ஆணையிட்ட பின்பே தொழிற்சாலையிலிருந்து வரும் நிலை இருக்கலாம் என்பதால், வரும் நாளை எழுத்தில் வாங்காமல் அரங்கின் ஒரு கம்பியையும் கழற்ற விடாதீர்கள்.

கூட்டங்களுக்கு நீண்ட இடைவெளியுள்ள மாதத்தைப் பொருத்துவதற்கு ஒதுக்குங்கள். வேலை நீண்டால் கூட்டம் எங்கே நடக்கும், அங்கிருந்து எப்படி ஒளிபரப்புவது என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். பழைய கருவிகளை உடனே கழித்துவிடாமல், புதியவை உண்மையான கூட்டங்களில் நின்று காட்டும் வரை ஒரு மூலையில் இணைக்கத்தக்க நிலையில் வையுங்கள்.

10. ஏற்புச் சோதனையை நீங்களே நடத்துங்கள்

விற்பனையாளர் நடத்திக் காட்டும் சோதனையில் அவருடைய ஆட்கள் மைக்குக்கு நேராக, நிமிர்ந்து, தெளிவாகப் பேசுவார்கள். உங்கள் உறுப்பினர்கள் அப்படிப் பேசுவதில்லை. அலுவலக ஊழியர்களை எல்லா இருக்கைகளிலும் அமர்த்தி, ஒரு பழைய நிகழ்ச்சி நிரலை வைத்து மாதிரிக் கூட்டம் நடத்துங்கள். நாற்காலியில் சாய்ந்தபடி ஒருவர் பேசட்டும். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தபடி ஒருவர் பேசட்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசட்டும். தாளால் மைக்கை மறைத்தபடி ஒருவர் வாசிக்கட்டும். பெயர் சொல்லி அழைத்து வாக்கெடுங்கள். ஒருவர் தொலைவிலிருந்து இணைந்து விவாதிக்கட்டும். இவை நடக்கும்போது அரங்கில் இல்லாத இரண்டு பேர் தம் வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்த்து, கேட்காத சொற்களை நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். முதல் படியில் நீங்கள் தயாரித்த குறைப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியும் தீர்ந்ததா என்று பாருங்கள்.

பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். பதிவு தொடர்கிறதா, கம்பியைத் திரும்பச் செருகியதும் நேரலை தானே எழுகிறதா? மின்சாரத்தை நிறுத்துங்கள், யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது, மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் சரியான அமைப்போடு எழுகின்றனவா? மூடிய அமர்வுப் பொத்தானை அழுத்தி, வெளியே நேரலையில் ஒரு சொல்லும் கசியவில்லை என்பதை இன்னொருவர் உறுதி செய்யட்டும். தேறாதவற்றைப் பட்டியலிட்டு, நாள் குறித்து, இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கணக்குப் பிரிவுக்குப் பணப் பரிந்துரை போகக்கூடாது.

11. ஒப்படைப்பும் பயிற்சியும்

முடிந்த நிலையிலுள்ள கம்பி வரைபடம், இருமுனையிலும் எண் ஒட்டிய கம்பிகள், கடவுச்சொற்கள், அமைப்புக் கோப்புகள், உத்தரவாதச் சீட்டுகள், கருவிகளின் வரிசை எண்கள் ஆகியவற்றை இரண்டு பிரதியாக வாங்குங்கள். ஒன்று கோப்பில், ஒன்று கருவி அறையில். ஒப்பந்ததாரர் கொடுத்த கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிடுங்கள்.

பயிற்சி குறைந்தது இரண்டு ஊழியர்களுக்கு வேண்டும். ஒருவர் விடுப்பில் போகும் நாளில்தான் அவசரக் கூட்டம் கூடும். பயிற்சியை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் பொருத்தியவுடனும் மறு பகுதியைச் சில கூட்டங்கள் நடந்த பின்னரும் கேளுங்கள், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் அதற்குப் பிறகே தெரியவரும். உறுப்பினர்களுக்கும் சிறு பயிற்சி தேவை: மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைப்பது, மைக்கிலுள்ள சிவப்பு விளக்கு வளையம் எரிந்தால் நேரலையில் இருக்கிறோம் என்று உணர்வது, மேசையில் தாளை மைக்கிலிருந்து தள்ளிப் பரப்புவது. தலைவரே இதை நிகழ்ச்சி நிரலில் ஓர் இனமாக வைத்தால் எல்லோரும் கேட்பார்கள்.

கருவி அறையின் கதவில் ஒரு பக்கத் தாள் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு செய்ய வேண்டியவை: எல்லா மைக்கிலும் ஒவ்வொன்றாகப் பேசி ஹெட்ஃபோனில் கேட்டல், கம்பியில்லா மைக்குக்குப் புது மின்கலம், சேமிப்பிடத்தில் இடம் பார்த்தல், பெயர்ப்பட்டியலை எழுத்துரைக்கு ஏற்றுதல், தனிப்பட்ட முறையில் ஒரு சோதனை நேரலை அனுப்பிக் கைப்பேசியில் பார்த்தல். கூட்டம் முடிந்ததும்: பதிவு திறக்கிறதா என்று பார்த்தல், இரண்டாம் பிரதி எடுத்தல், குறைகளைப் பதிவேட்டில் எழுதுதல். அடுத்த பராமரிப்பு வருகையின்போது ஒப்பந்ததாரரின் ஆளிடம் அந்தப் பதிவேட்டையே கொடுத்து, ஒவ்வொரு குறைக்கும் எதிரே செய்த வேலையை எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.